லக்சம்பர்க்கா, கார்ல்ஸ்ரூவா: ஐரோப்பாவில் முடிவான தீர்ப்பு யார் கையில்?

லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்கிறது. அந்த ஒன்றியத்தில் உறுப்பாக இருக்கும் ஒரு நாட்டின் அரசமைப்பு நீதிமன்றமோ, 'இது எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று ஒதுக்கிவிடுகிறது. ஜெர்மனியில் 2020இலும் போலந்தில் 2021இலும் இது நடந்தது. அதற்குப் பிறகு இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் வாசகர் கேட்பது ஒன்றுதான்: இரண்டில் எது பெரிய கோர்ட்?

இந்தக் கேள்வி எழுவதற்கே நம் ஊர் நடைமுறைதான் காரணம். குடியாத்தம் முன்சீப் கோர்ட்டில் தோற்றவர் மேல்முறையீட்டுக்கு ஒரு படி ஏறுகிறார். அப்புறம் சென்னை உயர் நீதிமன்றம், கடைசியாக டெல்லி. உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசமைப்பின் 141ஆவது பிரிவு ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஐரோப்பாவில் இந்த ஏணி இல்லை. ஜெர்மன் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து லக்சம்பர்க்குக்கு யாரும் அப்பீல் போக முடியாது. லக்சம்பர்க் சொன்னதை ரத்து செய்யும் அதிகாரம் ஜெர்மன் நீதிமன்றத்துக்கும் இல்லை. இரண்டும் வெவ்வேறு சட்டங்களிலிருந்து அதிகாரம் பெற்றவை. இரண்டுக்கும் மேலே உட்கார்ந்து தீர்த்துவைக்க மூன்றாவது நீதிபதி கிடையாது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைக்கிற ஷூவுக்கும் ராணிப்பேட்டையில் பதனிடுகிற தோலுக்கும் ஐரோப்பா முக்கியச் சந்தை. அங்கே எந்தச் சட்டம் செல்லும், எது செல்லாது என்று முடிவு செய்வது யார் என்பது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

## எந்த நீதிமன்றம் எது

செய்திகளில் மூன்று வகை நீதிமன்றங்கள் கலந்து வருகின்றன.

1. அரசமைப்பு நீதிமன்றம். ஒரு நாட்டின் சட்டமும் அரசின் செயலும் அந்நாட்டு அரசமைப்புக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது இதன் வேலை. நம் நாட்டில் உச்ச நீதிமன்றமே இதையும் செய்கிறது, சாதாரண அப்பீலையும் கேட்கிறது. ஜெர்மனி, இத்தாலி, போலந்து போன்ற நாடுகளில் இதற்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. ஜெர்மனியினுடையது கார்ல்ஸ்ரூ நகரில் இருக்கிறது.

2. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம். லக்சம்பர்க்கில் இருக்கிறது. ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் பொதுவான சட்டத்துக்குப் பொருள் சொல்கிறது. ஒரு நாட்டின் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போது ஒன்றியச் சட்டத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால், அந்த நீதிபதி வழக்கை நிறுத்திவைத்து லக்சம்பர்க்குக்குக் கேள்வி அனுப்புவார். பதில் வந்தபின் தீர்ப்பை எழுதுவது உள்ளூர் நீதிபதியேதான். இந்தக் கருத்துக் கேட்பு முறைதான் இரண்டு தரப்பையும் இணைக்கும் முக்கிய வழி.

3. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இது ஐரோப்பிய கவுன்சில் என்ற வேறொரு அமைப்பின் 46 நாடுகளுக்கானது. ஒரு தனி மனிதர் தன் நாட்டில் எல்லா வழிகளையும் பார்த்துவிட்டு, தன் அரசுக்கு எதிராக இங்கே போகலாம்.

ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் இந்த மூன்றிலும் சேராது. அது நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான வழக்கைக் கேட்பது. குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா போனது அங்கேதான். பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் விதித்த தண்டனையை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று 2019 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

## ஒரு கரண்ட் பில்லில் தொடங்கியது

1960களின் தொடக்கத்தில் இத்தாலி மின்சாரத் துறையை அரசுடைமை ஆக்கியது. மிலான் நகர வழக்கறிஞர் ஃப்ளாமினியோ கோஸ்டா அதை எதிர்த்து, புதிய அரசு நிறுவனத்துக்கு 1,925 லிரா கரண்ட் பில் கட்ட மறுத்தார். இந்த அரசுடைமைச் சட்டம், இன்றைய ஒன்றியத்துக்கு அடித்தளமான ஐரோப்பிய ஒப்பந்தத்துக்கு முரணானது என்பது அவர் வாதம்.

இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றம் 1964 மார்ச்சில் தன் கருத்தைச் சொன்னது: ஒப்பந்தத்தை ஏற்றதும் ஒரு சாதாரணச் சட்டம் மூலம்தான், அதற்குப் பின் நாடாளுமன்றம் வேறு சட்டம் இயற்றினால் பின்னது செல்லும். அதே ஆண்டு ஜூலையில் லக்சம்பர்க் நேர் எதிராகச் சொன்னது. உறுப்பு நாடுகள் தங்கள் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பொதுவில் ஒப்படைத்துவிட்டன. ஒவ்வொரு நாடும் பின்னால் ஒரு சட்டம் போட்டு அதிலிருந்து நழுவ முடியுமானால் பொதுச் சட்டம் என்பதே இருக்காது. ஆகவே மோதல் வந்தால் ஒன்றியச் சட்டமே முன்னிற்கும்.

இதைத்தான் 'ஒன்றியச் சட்டத்தின் முதன்மை' என்கிறார்கள். கவனிக்க வேண்டியது, ஒப்பந்தத்தின் எழுத்தில் எங்கும் அது இல்லை, நீதிமன்றமே பொருள் கொண்டு வகுத்தது. மோதலின் வேர் இங்கே இருக்கிறது. பொருள் சொன்னவரே தனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொண்டார் என்று நாட்டு நீதிமன்றங்கள் நினைக்க இடம் உண்டு. அதற்கு மாறாக, 27 நீதிமன்றங்கள் 27 விதமாகப் பொருள் சொன்னால் என்ன ஆகும் என்று லக்சம்பர்க் கேட்பதும் நியாயம்தான்.

## ஜெர்மனி: கொடுத்த அளவுதான்

கார்ல்ஸ்ரூவின் நிலைப்பாடு ஒரு ஏற்றுமதி வழக்கில் உருவானது. சோள மாவு ஏற்றுமதி செய்ய உரிமம் வாங்கிய ஜெர்மன் நிறுவனம் ஒன்று டெபாசிட் கட்டியிருந்தது. காலக்கெடுவுக்குள் முழுச் சரக்கும் போகவில்லை. ஐரோப்பிய விதிப்படி டெபாசிட்டின் ஒரு பகுதி போனது. இது ஜெர்மன் அரசமைப்பு தரும் அடிப்படை உரிமையைப் பறிக்கிறது என்று நிறுவனம் வாதாடியது. ஒன்றியச் சட்டத்தை எந்த நாட்டின் அரசமைப்பையும் வைத்து அளக்கக் கூடாது என்று லக்சம்பர்க் 1970இல் சொன்னது. ஐரோப்பிய அமைப்பில் எங்களுடையதற்கு ஈடான உரிமைப் பட்டியல் இல்லாத வரை நாங்கள் அளந்து பார்ப்போம் என்று கார்ல்ஸ்ரூ 1974இல் சொன்னது. 1986இல் அதையே திருப்பிப் போட்டது: லக்சம்பர்க் உரிமைகளைப் போதிய அளவு காப்பாற்றும் வரை நாங்கள் தலையிட மாட்டோம்.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்தது வெறும் சண்டை அல்ல. ஜெர்மனியும் இத்தாலியும் கொடுத்த நெருக்கடியால்தான் லக்சம்பர்க் அடிப்படை உரிமைகளைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. கீழே இருக்கிறவர் கேள்வி கேட்டதால் மேலே இருக்கிறவர் திருந்தினார். இந்த மோதலை வெறும் அடங்காமையாகப் பார்க்கக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இனி 2020 வழக்கு. ஐரோப்பிய மத்திய வங்கி 2015 முதல் அரசுக் கடன் பத்திரங்களைப் பெரிய அளவில் வாங்கிவந்தது. மொத்தம் 2 லட்சம் கோடி யூரோவைத் தாண்டியது. பத்திரம் வாங்கினால் வட்டி இறங்கும், பணப் புழக்கம் கூடும். ஆனால் வட்டி இறங்கினால் சேமிப்பவருக்கு நஷ்டம், கடன்பட்ட அரசுக்கு லாபம். நாணயக் கொள்கையைத்தான் வங்கியிடம் கொடுத்தோம், பொருளாதாரக் கொள்கையைக் கொடுக்கவில்லையே என்று சில ஜெர்மன் குடிமக்கள் கார்ல்ஸ்ரூவுக்குப் போனார்கள்.

ஒரு தனி மனிதர் எந்த உரிமையை வைத்து மத்திய வங்கியை எதிர்த்து வழக்குப் போட முடியும்? அவர்கள் பிடித்தது வாக்குரிமையை. ஜெர்மன் அரசமைப்பின் 38ஆவது பிரிவு குடிமகனுக்கு நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தருகிறது. அந்த நாடாளுமன்றம் கொடுக்காத அதிகாரத்தை வேறொரு அமைப்பு எடுத்துக்கொண்டால், என் வாக்கு வெற்றுச் சீட்டாகிவிடும் என்பது வாதம். 1993 முதலே கார்ல்ஸ்ரூ இந்த வாதத்தை ஏற்றுவருகிறது. ஒன்றியத்துக்குத் தனக்கென்று அதிகாரம் இல்லை, நாடுகள் எவ்வளவு கொடுத்தனவோ அவ்வளவுதான். கொடுத்த அளவைத் தாண்டிவிட்டதா என்று பார்க்கும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு.

கார்ல்ஸ்ரூ முதலில் லக்சம்பர்க்கிடம் கேட்டது. 2018 டிசம்பர் 11இல் பதில் வந்தது: வங்கி தன் வரம்புக்குள்தான் இருக்கிறது. 2020 மே 5இல் கார்ல்ஸ்ரூ, ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தப் பதிலை ஏற்க மறுத்தது. விளைவுகளை எடைபோட்டுப் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு அது, புரிந்துகொள்ளவே முடியாதது, லக்சம்பர்க்கே தன் வரம்பை மீறிவிட்டது என்றது. மூன்று மாதத்துக்குள் வங்கி உரிய விளக்கம் தராவிட்டால் ஜெர்மன் மத்திய வங்கி இந்தத் திட்டத்திலிருந்து விலக வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

மூன்றே நாளில் லக்சம்பர்க் அறிக்கை விட்டது. ஒன்றிய அமைப்பின் செயல் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் தனக்கு மட்டுமே உண்டு என்பது அதன் சாரம். பிறகு என்ன ஆனது? மத்திய வங்கியின் ஆவணங்கள் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்குப் போயின. விளக்கம் போதும் என்று ஜூலை மாதம் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. பத்திரம் வாங்குவது ஒரு நாளும் நிற்கவில்லை. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2021 ஜூனில் ஜெர்மனி மீது நடவடிக்கை தொடங்கி, ஒன்றியச் சட்டத்தின் முதன்மையை மதிப்போம் என்று ஜெர்மன் அரசு உறுதி தந்ததும் டிசம்பரில் கைவிட்டது. யாரும் தோற்றதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

## எந்த இடத்தில் முட்டிக்கொள்கிறது

நாட்டு நீதிமன்றங்கள் 'முடியாது' என்று சொல்ல மூன்று காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பிடிக்கின்றன.

1. அடிப்படை உரிமை. ஒன்றியச் சட்டம் குடிமகனின் உரிமையைக் குறைக்கிறது என்பது. மேலே பார்த்த சோள மாவு வழக்கு இந்த வகை.

2. வரம்பு மீறல். கொடுக்காத அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்பது. பத்திர வழக்கு இது. 2012இலேயே செக் குடியரசின் அரசமைப்பு நீதிமன்றம், பழைய செக்கோஸ்லோவாகியா ஓய்வூதியம் பற்றிய ஒரு வழக்கில் இப்படிச் சொல்லிவிட்டது.

3. அரசமைப்பின் அடையாளம். எந்தப் பெரும்பான்மையாலும் மாற்ற முடியாத மையம் ஒன்று அரசமைப்பில் உண்டு, அதை வெளி நீதிமன்றமும் தொட முடியாது என்பது. நமக்கு இது நன்றாகவே பழக்கமான சிந்தனை. கேசவானந்த பாரதி வழக்கில் 1973 ஏப்ரல் 24இல் 13 நீதிபதிகள் அமர்ந்து, 7க்கு 6 என்ற கணக்கில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமே மாற்ற முடியாது என்றார்கள். நாடாளுமன்றத்தாலேயே முடியாததை ஒரு ஒப்பந்தத்தால் மட்டும் எப்படிச் செய்ய முடியும் என்பதே ஜெர்மனியும் இத்தாலியும் கேட்பது.

மூன்றாவது வகையில் இத்தாலி காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. வரி ஏய்ப்பு வழக்குகளில் காலவரம்பு முடிந்தாலும், ஒன்றியத்தின் வருவாய் பாதிக்கப்பட்டால் அந்த வரம்பைப் பார்க்காதே என்று 2015இல் லக்சம்பர்க் சொன்னது. குற்றம் நடந்தபோது இருந்த சட்டத்தைவிடக் கடுமையாக யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது இத்தாலிய அரசமைப்பின் அடிப்படை. இத்தாலிய நீதிமன்றம் நேரடியாக மறுக்கவில்லை. 2017இல் மறுபடியும் கேள்வி அனுப்பி, 'இப்படி ஒரு சிக்கல் இருக்கிறதே, நீங்கள் சொன்னது இதையும் சேர்த்தா?' என்று கேட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே லக்சம்பர்க் பின்வாங்கி, அந்த உரிமையை மதிக்கலாம் என்றது. யாரையும் வரம்பு மீறியவர் என்று சொல்லாமலே காரியம் முடிந்தது.

## போலந்தை இந்த வரிசையில் வைக்கக் கூடாது

2021 அக்டோபர் 7இல் போலந்தின் அரசமைப்புத் தீர்ப்பாயம், ஒன்றிய ஒப்பந்தத்தின் சில பிரிவுகளுக்கு லக்சம்பர்க் தரும் பொருள் தங்கள் அரசமைப்புக்கு முரணானது என்றது. ஜெர்மனி செய்தால் சரி, போலந்து செய்தால் தப்பா என்று அப்போது பலர் கேட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் மூன்று விஷயங்கள் வேறு.

வழக்கைக் கொண்டுவந்தவர் பாதிக்கப்பட்ட குடிமகன் அல்ல, நாட்டின் பிரதமர். நீதிபதிகளைத் தண்டிப்பதற்கென்று அவருடைய அரசு அமைத்த நீதிமன்றப் பிரிவை லக்சம்பர்க் எதிர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. தீர்ப்பாயத்திலோ, ஏற்கனவே முறையாக நிரப்பப்பட்ட மூன்று இடங்களில் 2015 டிசம்பரில் புதிய பெரும்பான்மை வேறு ஆட்களை அமர்த்தியிருந்தது. அப்படிப்பட்ட நீதிபதி உட்கார்ந்த அமர்வு சட்டப்படி அமைந்த நீதிமன்றமே அல்ல என்று ஸ்ட்ராஸ்பர்க் 2021 மே மாதமே சொல்லியிருந்தது. மூன்றாவது, மறுத்த அளவு. ஜெர்மனி ஒரு குறிப்பிட்ட தீர்ப்பை மறுத்தது. போலந்து, நீதிபதிகளின் சுதந்திரத்தைப் பற்றி லக்சம்பர்க் பேசவே கூடாது என்றது. நீதிபதிகளைத் தண்டிக்கும் அந்தப் பிரிவைப் பற்றி லக்சம்பர்க் போட்ட இடைக்கால உத்தரவை மதிக்காததற்காக, 2021 அக்டோபர் 27 உத்தரவின்படி நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. பின்னர் அது பாதியாகக் குறைந்தது. 2023 டிசம்பரில் ஆட்சி மாறியும் தீர்ப்பாயத்தின் தகுதி பற்றிய தகராறு தீர்ந்துவிடவில்லை.

ஆகவே இப்படிச் செய்தி வரும்போது 'எந்த நாடு மறுத்தது' என்பதைவிட, 'மறுத்த நீதிமன்றம் தன் நாட்டு அரசுக்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்லக்கூடியதா' என்று பார்ப்பதுதான் பயன்படும். தன் அரசையே நிறுத்திக் கேள்வி கேட்கும் நீதிமன்றம் வெளி நீதிமன்றத்தையும் கேட்கட்டும். அரசின் கைக்குள் இருக்கும் நீதிமன்றம் 'இறையாண்மை' என்று சொல்லும்போது பேசுவது அரசுதான்.

ரஷ்யா இதன் கடைசிக் கட்டம். யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு 187 கோடி யூரோ தர வேண்டும் என்று ஸ்ட்ராஸ்பர்க் 2014இல் சொன்னது. தர முடியாது என்று ரஷ்ய அரசமைப்பு நீதிமன்றம் 2017இல் சொன்னது. உக்ரைன் படையெடுப்புக்குப் பின் 2022 மார்ச்சில் ரஷ்யா ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து வெளியேற்றப்பட்டது. இன்று ஒரு ரஷ்யக் குடிமகன் புதிதாக நடக்கும் அநியாயத்துக்கு ஸ்ட்ராஸ்பர்க் போக வழியில்லை.

## இந்தியாவும் வேலூர் வழக்கும்

நமக்கு மேலே இப்படி ஒரு நீதிமன்றம் இல்லை. ஆசியாவுக்கு மனித உரிமை நீதிமன்றம் கிடையாது, சார்க் அமைப்புக்கும் நீதிமன்றம் இல்லை. ஒரு காலத்தில் வட ஆற்காட்டு நில வழக்குகூட லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போக முடிந்தது. அது யாரும் சம்மதித்துக் கொடுத்த அதிகாரம் அல்ல. 1949இல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டு முடித்துவைத்தார்கள்.

சர்வதேச ஒப்பந்தம் இங்கே தானாகச் சட்டமாகாது. 253ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். சர்வதேசச் சட்டத்தை மதிக்க முயல வேண்டும் என்ற 51ஆவது பிரிவு அரசுக்கான வழிகாட்டு நெறி மட்டுமே. இருந்தும் வெளிநாட்டுக் கோட்பாடு ஒன்று நாடாளுமன்றத்துக்குப் போகாமல், நீதிமன்றம் வழியாகவே இந்தியச் சட்டமானது. அதற்குக் காரணம் பாலாறு.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) கழிவு பாலாற்றிலும் நிலத்திலும் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பாழாகிவிட்டதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று அப்போது பெயர் கொண்டிருந்த நம் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையத்தை அமைக்கவும் சொன்னது.

அதைவிடப் பெரிய விஷயம் தீர்ப்பின் தர்க்கம். கெடுதல் நிச்சயம் என்று நிரூபணம் வரும்வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகள் 1992 ரியோ சுற்றுச்சூழல் மாநாட்டுக்குப் பின் உலக வழக்கச் சட்டமாகிவிட்டன, நம் சட்டத்துக்கு முரணில்லாத உலக வழக்கம் நம் சட்டத்தின் பகுதியே என்றது நீதிமன்றம். கூடவே 21ஆவது பிரிவின் உயிர்வாழும் உரிமை, சுற்றுச்சூழலைக் காக்கச் சொல்லும் 48ஏ பிரிவு இரண்டிலும் அதற்கு இடம் இருக்கிறது என்றும் காட்டியது. ஐரோப்பாவில் சண்டை போட்டுத் தீராத கேள்விக்கு இங்கே வேறு வழியில் பதில் கிடைத்தது. வெளியிலிருந்து வந்த விதியை ஏற்பதா என்று முடிவு செய்தது நம் அரசமைப்பு நீதிமன்றம், நம் அரசமைப்பின் பெயரால்.

எல்லா நேரமும் இப்படிச் சுமுகமாக நடந்ததில்லை. வைட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் வழக்கு இந்திய நீதிமன்றங்களில் ஒன்பது ஆண்டுக்கு மேல் தேங்கியதற்காக, 2011இல் ஒரு சர்வதேச நடுவர் மன்றம் இந்தியாவைக் குற்றம் சாட்டி இழப்பீடு தரச் சொன்னது. நம் கோர்ட்டின் தாமதத்தை வெளியார் அளந்த வழக்கு அது. அதன்பின் இந்தியா தன் முதலீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை முடித்துக்கொண்டு, முதலில் ஐந்து ஆண்டாவது இந்திய நீதிமன்றங்களில் முயன்றிருக்க வேண்டும் என்ற புதிய மாதிரியை முன்வைத்தது.

## ஆம்பூர் ஷூவுக்கு இதில் என்ன

டிரம்மில் சுற்றி எடுத்த தோல் நீலம் கலந்து ஈரமாக வெளியே வரும். அதுதான் வெட் புளூ. அந்த நிறம் தருவது மூன்றாம் நிலை குரோமியம், அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சூட்டிலும் வெளிச்சத்திலும், சேர்க்கிற எண்ணெயைப் பொறுத்தும், அதில் ஒரு துளி ஆறாம் நிலைக் குரோமியமாக மாறலாம். அது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், உடம்பில் படும் தோல் பொருளில் ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இது இருந்தால் விற்க முடியாது.

இந்த விதி 'ஒழுங்குமுறை' என்ற வகை. எந்த நாட்டு நாடாளுமன்றமும் தனியாகச் சட்டம் போடாமலே, அப்போது ஒன்றியத்தில் இருந்த 28 நாடுகளிலும் ஒரே நாளில் அமலுக்கு வந்தது. ஒரே லேப் ரிப்போர்ட் ஹாம்பர்க்குக்கும் லிஸ்பனுக்கும் போதும் என்பது முதன்மைக் கோட்பாடு நமக்குத் தரும் நேரடிப் பயன். ஒவ்வொரு நாட்டு நீதிமன்றமும் தன் விருப்பப்படி ஒன்றிய விதியை ஒதுக்கலாம் என்று ஆகிவிட்டால், நாட்டுக்கு ஒரு அளவு, நாட்டுக்கு ஒரு ரிப்போர்ட் என்று முடியும். சிறிய யூனிட்டுகள் முதலில் அடிபடும்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1996இல் வெளி விதி நம் நீதிமன்றத்தைக் கடந்து உள்ளே வந்தது. 3 மில்லிகிராம் விதி எந்த இந்திய நீதிமன்றத்தையும் கடக்காமல், ஆர்டர் தாளிலேயே வந்துவிடுகிறது. வாக்குரிமையைப் பிடித்துக்கொண்டு கார்ல்ஸ்ரூ போன ஜெர்மன் குடிமகனுக்கு இருக்கும் வழி, இந்த 3 மில்லிகிராம் விதிப்படி வேலை செய்ய வேண்டிய ஆம்பூர்த் தொழிலாளிக்கு இல்லை. அவர் வாக்குப் போட்ட நாடாளுமன்றம் இந்த அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கவும் இல்லை. விதி நல்ல விதிதான், தொழிலாளியின் கையையும் அது காக்கும். கேட்பது விதியின் நன்மை பற்றி அல்ல. அடுத்த விதி தவறாக இருந்தால் அதை யார் எங்கே சொல்வது என்பதே கேள்வி.

நடைமுறையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, லக்சம்பர்க்கில் நேரடி வழக்கு. வெளிநாட்டு நிறுவனமும் போடலாம். ஆனால் இரண்டு மாத காலக்கெடு உண்டு, அதோடு விதி தன்னை நேரடியாகப் பாதிக்கிறது என்றும் பெரும்பாலான சமயம் தன்னைத் தனிப்படுத்திப் பாதிக்கிறது என்றும் காட்ட வேண்டும். ஊருக்கெல்லாம் பொதுவான விதியில் இரண்டாவதைக் காட்டுவது மிகக் கடினம். மற்றது, சரக்கை வாங்கும் ஜெர்மன் இறக்குமதியாளர் தன் நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. அந்த நீதிபதி விதியைத் தானே செல்லாது என்று சொல்ல முடியாது. 1987 முதல் அந்த அதிகாரத்தை லக்சம்பர்க் தன்னிடமே வைத்திருக்கிறது. அவர் கேள்வி அனுப்ப வேண்டும். வரும் பதில் இறக்குமதியாளருக்குப் பிடிக்காவிட்டால் அவர் கார்ல்ஸ்ரூ வரை போய்ப் பார்க்கலாம். சரக்கு அனுப்பிய ஆம்பூர்க்காரர் அந்த வழக்கில் கட்சிக்காரர்கூட இல்லை.